மலை காலேஜ்ல மேப்பிங் கிளப்: வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட சேர்ந்து எப்படி நடத்தறது

நீலகிரியில ஜியாகிரபி, என்விரான்மென்டல் சயின்ஸ், சிவில்னு ஏதாவது ஒண்ணு நடத்துற வாத்தியார்களுக்கும், நம்ம காலேஜ்லயும் ஒரு மேப்பிங் கிளப் ஆரம்பிக்கலாமேன்னு யோசிக்கற பசங்களுக்கும் தான் இது. லேப்ல க்யூஜிஐஎஸ் மேப் சாஃப்ட்வேர் இருக்கும், சிலபஸ்ல ஜிஐஎஸ் பேப்பர் இருக்கும், நம்ம ஏரியா சர்வே மேப்பான 58ஏ டோபோஷீட்டை டிஜிடைஸ் பண்ணி ரெக்கார்டு நோட்ல ஒட்டி கையெழுத்தும் வாங்கிடுவாங்க. ஆனா ரோட்டுல இருந்து அவங்க வீட்டுக்கு இறங்கற படிக்கட்டு எந்த மேப்லயும் இருக்காது, அதை நாமளே ஏத்தலாம்னு அவங்களுக்கு யாரும் சொல்லியும் இருக்க மாட்டாங்க.

வெளிநாட்டு கூட்டுன்னு வந்தா வழக்கமா நடக்கறது என்னன்னா, அங்க இருந்து ஒரு புரொஃபசர் ஜூம்ல ரெண்டு மணி நேரம் பேசுவாரு, நம்ம பசங்க மைக்கை ம்யூட்ல போட்டுட்டு உக்காந்திருப்பாங்க, கடைசில ஈ-சர்டிஃபிகேட் வரும், அவ்ளோதான். இன்னொரு வகையும் இருக்கு, அவங்க ஆராய்ச்சிக்கு நம்ம பசங்க மலை ஏறி இறங்கி டேட்டா எடுத்து அனுப்பறது, பேப்பர்ல பேர் கூட வராது. ரெண்டுமே வேண்டாம். என் கணக்கு இது: வரையற வேலையை ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கலாம், ஆனா நம்ம மலையில எது சரி எது தப்புன்னு சொல்ற வேலிடேஷன் வேலை நம்ம பசங்க கையில தான் இருக்கணும். மீதி எல்லா ஏற்பாட்டையும் இதுக்கு ஏத்த மாதிரி தான் சொல்றேன்.

யாரோட சேரலாம்

கைவசம் ஏற்கனவே இருக்கற வழி யூத்மேப்பர்ஸ். 2015-ல டெக்சாஸ் டெக், ஜார்ஜ் வாஷிங்டன், வெஸ்ட் வர்ஜீனியா மூணு யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஆரம்பிச்சது, காலேஜ் காலேஜா சாப்டர் வெச்சு பசங்களே, யார் வேணும்னாலும் வரைஞ்சு திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (சுருக்கமா ஓஎஸ்எம்) வேலை பாக்கறது தான் அதோட அமைப்பு. ஆரம்பத்துல அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டு ஆதரவு இருந்துச்சு, அந்த யூஎஸ்எய்டையே 2025-ல மூடிட்டாங்க, அதனால ஒரே ஒரு ஃபண்டை நம்பி மூணு வருஷத்துக்கு பிளான் போடாதீங்க. இந்த மாதிரி வேலைல ஒரு நிம்மதி என்னன்னா மேப் ஓஎஸ்எம்ல தான் ஏறுது, ஃபண்டு போனாலும் வரைஞ்சது போகாது. 2010 ஹைத்தி பூகம்பத்தை ஒட்டி உருவான ஹாட்ங்கற மனிதாபிமான மேப்பிங் அமைப்போட டாஸ்கிங் மேனேஜரும் உங்களுக்கு வேணும், அதை பத்தி கீழ சொல்றேன்.

பார்ட்னர்னதும் எல்லாரும் ஐரோப்பா, அமெரிக்கான்னு தான் பாப்பாங்க. தப்பில்ல, ஆனா நான் முதல்ல இலங்கை மலையகம் பக்கம் பாக்க சொல்வேன். பேராதனை யுனிவர்சிட்டி மாதிரி இடங்கள்ல ஜியாகிரபி டிபார்ட்மென்ட் இருக்கு, பதுளை, நுவரெலியா பக்கம் நம்மள மாதிரியே தேயிலை, நம்மள மாதிரியே வரிசையா கட்டின எஸ்டேட் லைன் வீடு, நம்மள மாதிரியே மண்சரிவு. 2014 அக்டோபர் 29-ம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில லைன் வீடுகள் மேலயே மலை சரிஞ்சுது, அதை பத்தி படிச்சா நம்ம கூடலூர், கோத்தகிரி பசங்களுக்கு யாரும் விளக்கவே தேவையில்ல. அதுலயும் 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்கிருந்து வந்து தமிழ்நாடு அரசோட டேன்டீ தேயிலை எஸ்டேட்கள்ல குடியேறின குடும்பத்து பசங்க உங்க கிளாஸ்லயே இருப்பாங்க, அவங்க பாட்டி ஊரை மேப் பண்ண சொல்லி பாருங்க, யாரும் லீவு போட மாட்டாங்க.

நேபாளமும் நல்ல சாய்ஸ். காத்மாண்டு லிவிங் லேப்ஸ்ங்கற மேப்பிங் அமைப்பு 2013-ல இருந்தே அங்க பசங்களை வெச்சு மேப் பண்ணிட்டு இருந்ததால தான் 2015 ஏப்ரல் பூகம்பம் வந்தப்ப உலகம் பூரா இருந்து வந்த வாலன்டியர்களை ஒழுங்குபடுத்த உள்ளூர்ல ஆள் இருந்தாங்க. நமக்கும் அந்த நிலைமை வேணும், மழை வந்த பிறகு கத்துக்க ஆரம்பிச்சா லேட்டு.

நேர கணக்கையும் பாத்துக்கோங்க. இலங்கைக்கும் நமக்கும் ஒரே டைம். நேபாளம் கால் மணி நேரம் முன்னாடி. ஜப்பான்னா அவங்க மதியம் 1 மணி நமக்கு காலைல 9.30, அது நல்லா செட் ஆகும். ஜெர்மனின்னா அவங்க காலைல 10 நமக்கு குளிர்காலத்துல 2.30, சம்மர்ல 1.30, அதுவும் பரவால்ல. அமெரிக்கா நடுப்பகுதின்னா அவங்க காலைல 9 மணி நமக்கு குளிர்காலத்துல ராத்திரி 8.30, சம்மர்ல 7.30 ஆயிடும், அந்த நேரத்துக்கு ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) பஸ் கிடையாது, ஹாஸ்டல் பொண்ணுங்களை லேப்ல உக்கார வைக்கவும் விட மாட்டாங்க. அவங்களோட லைவ் செஷன் வேண்டாம், ரெக்கார்டிங்கும் கமென்ட்டும் போதும்.

பேப்பர் வேலை

ரெண்டு காலேஜுக்கும் நடுவுல எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டுட்டு தான் ஆரம்பிப்போம்னா ஒரு பேட்ச் பாஸ் அவுட் ஆயிடும். பிரின்சிபால் கிட்ட ஒரு லெட்டர், அந்த பக்கம் டிபார்ட்மென்ட் ஹெட் கிட்ட ஒரு மெயில், இது போதும் முதல் செமஸ்டருக்கு. பணம் எதுவும் கை மாறாத வரைக்கும் தான் இந்த சௌகரியம், வெளிநாட்டு பணம்னு வந்துட்டா வெளிநாட்டு நன்கொடையை கட்டுப்படுத்தற 2010 எஃப்சிஆர்ஏ சட்டம் வந்து நிக்கும், அதை காலேஜ் நிர்வாகமே பாத்துக்கட்டும்.

நிஜமா கவனிக்க வேண்டியது 2021 பிப்ரவரில மத்திய அரசு போட்ட ஜியோஸ்பேஷியல் (மேப் டேட்டா) கைடுலைன்ஸ். நம்மாளுங்க மேப் எடுக்க முன்னாடி மாதிரி முன் அனுமதி தேவையில்லன்னு ஆயிடுச்சு, நல்லது. ஆனா கிடைமட்டத்துல 1 மீட்டர், உயரத்துல 3 மீட்டர், இதைவிட துல்லியமான டேட்டாவை இந்திய நிறுவனங்கள் தான் உருவாக்கலாம், வெச்சிருக்கலாம், அதுவும் இந்தியாவுக்குள்ளயே ஸ்டோர் பண்ணணும். போன் ஜிபிஎஸ் எல்லாம் திறந்த வெளியிலயே சுமார் 5 மீட்டர் தான், அதனால சாதாரண மேப்பிங்குக்கு இதுல பிரச்சனை இல்ல. ஆனா சிவில் டிபார்ட்மென்ட்ல ஆர்டிகேங்கற துல்லிய ஜிபிஎஸ் கருவி இருக்குன்னு எடுத்துட்டு போய் சென்டிமீட்டர் கணக்குல அளந்து அதை பார்ட்னரோட கிளவுட் ஃபோல்டர்ல தூக்கி போட்டுடாதீங்க. தெருத்தெருவா கேமரா வெச்சு ஸ்ட்ரீட் வியூ எடுக்கறதும் துல்லியம் எவ்வளவா இருந்தாலும் இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் தான்.

அங்கிருந்து பசங்க நேர்ல வர்றாங்கன்னா முன்னாடியே ஒரு விஷயம் சொல்லிடுங்க: சாட்டிலைட் போன், மலையேறறவங்க கொண்டு போற சாட்டிலைட் மெசேஜ் கருவி எதையும் கொண்டு வரக்கூடாது, அவங்க ஊர்ல அது சாதாரணம், இங்க டெலிகாம் துறை அனுமதி இல்லாம வெச்சிருந்தா ஏர்போர்ட்லயே பிடிப்பாங்க. வெளியூர் வண்டியில வந்தா ஈ-பாஸும் வேணும், 2024 மே-ல இருந்து இருக்கே. வெலிங்டன் ராணுவ கன்டோன்மென்ட், அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி பக்கம் ப்ராக்டீஸுக்கு கூட போகாதீங்க, ட்ரோன் பேச்சே எடுக்காதீங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள கால் வைக்கணும்னா வனத்துறை அனுமதி, முதுமலை பக்கம்னா கேக்கவே வேண்டாம்.

எந்த மாசம் என்ன

சிலபஸை பாத்து பிளான் போடாதீங்க, வானத்தை பாத்து போடுங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்கு மழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு. 2009 நவம்பர்ல குன்னூர், கேத்தி பக்கம் மண்சரிவுல 40 பேருக்கு மேல இறந்து போனாங்க, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல மழை பெஞ்சுது. அந்த மாசங்கள்ல பசங்களை சரிவுல இறக்கி சர்வே பண்ண வைக்கறது பொறுப்பில்லாத வேலை. ஒற்றைப்படை செமஸ்டர் முழுக்க லேப்ல உக்காந்து பார்ட்னரோட ஊரை வரையுங்க, எடிட்டர் பழகட்டும். டிசம்பர் கடைசில ஆரம்பிக்கற செமஸ்டர்ல நம்ம மலை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல தான் மேகம் இல்லாத சாட்டிலைட் படமும் கிடைக்கும், காலும் வழுக்காது. ஏப்ரல் பாதிக்கு மேல சீசன் கூட்டம், பஸ்ல நிக்க கூட இடம் இருக்காது, அதுக்குள்ள முடிச்சிடணும்.

முதல் கிளாஸ்ல லேப்டாப் திறக்காதீங்க

வெள்ளை பேப்பர் குடுத்து அவங்க ஊரை வரைய சொல்லுங்க. ஹட்டியில இருந்து வர்ற பையன் கோயில், பால் சொசைட்டி, பஸ் நிக்கற இடம், கேரட் கழுவற இடம் எல்லாம் போடுவான். எஸ்டேட்ல இருந்து வர்ற பொண்ணு லைன் லைனா வரைஞ்சு கொழுந்து எடை போடற ஷெட்டை நடுவுல வைப்பா. அதே ஊரை அப்புறம் ஸ்கிரீன்ல காட்டி இதுல எதெல்லாம் இல்லன்னு குறிக்க சொல்லுங்க. அந்த லிஸ்ட் தான் உங்க ப்ராஜெக்ட். வெளிநாட்டு பசங்களும் அதே நாள் அவங்க ஊரை வரைஞ்சு ஸ்கேன் பண்ணி அனுப்பட்டும், அறிமுகத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்கு தெரியல, செல்ஃப் இன்ட்ரோ சொல்ல சொன்னா நம்ம பசங்க பேரும் ரோல் நம்பரும் சொல்லிட்டு உக்காந்துடுவாங்க.

மேல இருந்து வரையறது

இது தான் மலையில ரொம்ப தகராறு புடிச்ச பகுதி, சமவெளிக்கு எழுதின டுடோரியல் எதுவும் இங்க அப்படியே செல்லாது.

டாஸ்கிங் மேனேஜர்ல உங்க ஏரியாவை கட்டம் கட்டமா பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஒருத்தர் ஒரு கட்டத்தை லாக் பண்ணி வரைஞ்சு சப்மிட் பண்ணணும், அப்புறம் வேற ஒருத்தர் வேலிடேட் பண்ணணும். ஆரம்பிக்கறவங்களுக்கு பிரவுசர்லயே ஓடற ஐடி எடிட்டர் போதும், வேலிடேட் பண்றவங்க கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற ஜோஸ்ம் எடிட்டரை கத்துக்கட்டும். வீடு வரைஞ்சதும் க்யூ கீயை தட்டினா மூலை நேராகும், இது ஒண்ணை பழக்கிட்டா பாதி அசிங்கம் குறையும். கூகுள் மேப்பை பாத்து காப்பி அடிக்கக்கூடாதுன்னு முதல் நாளே கண்டிப்பா சொல்லிடுங்க, லைசென்ஸ் விஷயம், ஓஎஸ்எம்ல அனுமதி இருக்கற பிங் மாதிரி படத்தை வெச்சு தான் வரையணும்.

இப்ப மலை பிரச்சனைக்கு வருவோம். முதலாவது, படம் நகந்திருக்கும். செங்குத்தான சரிவுல சாட்டிலைட் படத்தை தரையோட பொருத்தறதுல பிழை வரும், ஒரே கட்டத்துக்குள்ள ரிட்ஜ் மேல ஒரு அளவு, பள்ளத்துல ஒரு அளவுன்னு கூட நகந்து நிக்கும். அதனால வரையறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர் போன்ல ட்ராக் ஆன் பண்ணிட்டு மெயின் ரோட்டுல நடந்து அந்த ட்ராக்கோட ஜிபிஎக்ஸ் ஃபைலை ஓஎஸ்எம்ல ஏத்திடுங்க, அந்த கோடு மேல படம் உக்கார்ற மாதிரி பேக்ரவுண்டு செட்டிங்ஸ்ல ஆஃப்செட் சரி பண்ணிக்கலாம். பார்ட்னர் யுனிவர்சிட்டி பசங்களுக்கு இந்த ட்ராக் இல்லாம கட்டத்தை திறந்தே விடாதீங்க, ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளி வரைஞ்சு வெச்சா அப்புறம் ஒவ்வொரு வீடா நகத்தணும்.

ரெண்டாவது, மேல இருந்து பாத்தா ஏமாத்தற பொருள்கள். கொய்மலர், காய்கறி போடற பாலிஹவுஸ் வெள்ளையா பளபளன்னு பெரிய கட்டடம் மாதிரியே இருக்கும், வெளிநாட்டு பசங்க எல்லாத்தையும் வீடுன்னு போட்டுடுவாங்க, அதுக்கு கிரீன்ஹவுஸ்னு தனி டேக் (வரைஞ்சது என்ன வகைன்னு சொல்ற குறி) இருக்கு. சில்வர் ஓக் நிழல்ல பாதி லைன் வீடு மறைஞ்சு போயிடும். லைன் வீடுன்னா வரிசையா பத்து குடும்பம், மேல இருந்து ஒரே கூரை, அதை ஒரு வீடுன்னு எண்ணினா நாளைக்கு யாராவது மக்கள்தொகை கணக்கு போடறப்ப பத்துல ஒண்ணு ஆயிடும். படி படியா வெட்டின உருளைக்கிழங்கு தோட்டத்து வரப்பை ரோடுன்னு வரையறதும் உண்டு. இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எது என்னன்னு எழுதி, உங்க பசங்களே ஒரு பட கைடு தயார் பண்ணி பார்ட்னருக்கு அனுப்பணும். இதை கண்டிப்பா பண்ணுங்க, அங்க இருக்கறவங்களுக்கு நம்ம பசங்க பாடம் எடுக்கற முதல் இடம் இது தான், அதுக்கப்புறம் ஜூம்ல யாரும் ம்யூட்ல இருக்க மாட்டாங்க.

ஐரோப்பாவோட இலவச சாட்டிலைட்டான சென்டினல்-2 படம் அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருதேன்னு அதுல வீடு வரைய ட்ரை பண்ணாதீங்க, அதோட பிக்சல் 10 மீட்டர், லைன் வீட்டு அகலம் பூரா ஒரு பிக்சலுக்குள்ள அடங்கிடும். சோலை எவ்ளோ, தேயிலை எவ்ளோ, சீகை மரம் எவ்ளோன்னு பாக்க அது நல்லது. மழைக்காலத்துல மேகத்தை தாண்டி பாக்கணும்னா ரேடார் படம் வேணும், சென்டினல்-1 இலவசம். 2024 ஜூலை 30 வயநாடு மண்சரிவுக்கு அப்புறம் இஸ்ரோவோட ஹைதராபாத் மையமான என்ஆர்எஸ்சி கார்டோசாட்-3 படத்தோட ரிசாட் ரேடார் படத்தையும் வெச்சு தான் சரிஞ்ச இடத்தை காட்டினாங்க, அந்த படங்களை கிளாஸ்ல போட்டு காட்டுங்க, பந்தலூர் பசங்களுக்கு அது பக்கத்து ஊரு.

கீழ இறங்கி பாக்கறது

சிக்னல் இருக்காதுன்னு நினைச்சே கிளம்புங்க. போன்லயே சர்வே கேள்விக்கு பதில் நிரப்பற கோபோ டூல்பாக்ஸ் ஃபார்மை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கலாம், ஆஃப்லைன்ல ஓடும். ஆஸ்மாண்ட் ஆப்ல ஓஎஸ்எம் மேப்பை இறக்கி வெச்சுக்கோங்க. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப் கேள்வி கேள்வியா கேக்கும், இது எத்தனை மாடி, இந்த ரோடு தாரா மண்ணான்னு, முதல் வருஷ பசங்களுக்கு அதைவிட ஈஸி எதுவும் இல்ல. இருந்தாலும் ஃபீல்டு பேப்பர்ஸ் சைட்ல மேப்பை பிரின்ட் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு பென்சிலோட கொண்டு போங்க, மூடுபனியில டச் ஸ்கிரீன் சொன்ன பேச்சு கேக்காது.

காலைல 10-க்கு முன்னாடியும் சாயங்காலம் 4-க்கு அப்புறமும் தேயிலைக்குள்ள வேண்டாம், காட்டெருமை, கரடி நடமாடற நேரம். எப்பவும் மூணு பேரா போகணும், அதுல ஒருத்தர் அந்த ஊர்க்காரரா இருக்கணும்.

முக்கியமா எடுக்க வேண்டியது வீடு இல்ல, பாதை. மேல இருந்து பாத்து வரைஞ்சவங்களுக்கு கூரை தெரியும், கூரைக்கு கூரை எப்படி போறதுன்னு தெரியாது. குன்னூர்ல சரிவு பூரா படிக்கட்டு தான், ஆம்புலன்ஸ் எது வரைக்கும் வரும், அங்கிருந்து எத்தனை படி ஆளை தூக்கிட்டு வரணும், மழையில எந்த குறுக்கு வழி ஓடையா மாறும், இதெல்லாம் நடந்தா தான் வரும். படிக்கட்டு, ஒத்தையடி பாதை, ஜீப் போற மண் ரோடு மூணுக்கும் தனித்தனி டேக் இருக்கு, கலந்துடாதீங்க.

அப்புறம் பேரு. "அக்கா, இந்த லைனுக்கு என்ன பேரு?"ன்னு கேட்டா "இது ஸ்டோர் லைன் தம்பி, மேல தெரியுதே அது புது லைன், எங்க மாமியார் காலத்துல கட்டினது"ன்னு வரும். எஸ்டேட் ஆபீஸ் ரெக்கார்டுல ஒரு பேரு, பஸ் போர்டுல ஒரு பேரு, ஊர்ல கூப்பிடறது ஒரு பேருன்னு இருக்கும், மூணையும் எழுதிக்கோங்க, ஓஎஸ்எம்ல தமிழ் பேருக்கு தனி இடம், மாற்று பேருக்கு தனி இடம் இருக்கு. ஆனா தோடர் மந்து, கோத்தர் ஊரு, குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புன்னு போனா முதல்ல ஊர் பெரியவங்க கிட்ட கேளுங்க, கோயில், சாமி இடம், தேன் எடுக்கற பாறை இதெல்லாம் அவங்க போடுன்னு சொன்னா தான் போடணும். உலகம் பூரா பாக்கற மேப் இது, ஒரு தடவை ஏத்திட்டா அழிச்சாலும் பழைய வெர்ஷன்ல கிடக்கும். பார்ட்னர் ஆராய்ச்சிக்கு வேணும்னு கேட்டாலும் இதுல விட்டுக்குடுக்காதீங்க.

வேலிடேஷன் செஷன்

வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், ரெண்டு பக்கமும் ஒரே கட்டத்தை திறந்து வெச்சுக்கணும். அவங்க வரைஞ்சதை நம்ம பசங்க ஃபீல்டு பேப்பரை கையில வெச்சுட்டு ஒவ்வொண்ணா சொல்லணும், இது வீடில்ல டீ ஃபேக்டரி, இந்த ரோடு 2019-ல அடிச்சிட்டு போனது இன்னும் சரி பண்ணல, அப்படி. அடுத்த வாரம் தலைகீழ், அவங்க ஊரை நம்ம பசங்க வரைஞ்சதுக்கு அவங்க திருத்தம் சொல்லணும். இங்கிலீஷ் வரலன்னு தயங்குவாங்க, ஸ்கிரீன் ஷேர் பண்ணிட்டு மவுஸால காட்டினாலே பாதி பேச்சு முடிஞ்சிடும், இலங்கை பார்ட்னர்னா அந்த கவலையும் பெருசா இருக்காது.

சரிவு மேப்

செமஸ்டர் கடைசில க்யூஜிஐஎஸ்ல ஒரு அனாலிசிஸ் வேணும், இல்லன்னா எக்ஸ்டர்னலுக்கு காட்ட ஒண்ணும் இருக்காது. சரிவு கணக்கு போட தரை உயரத்தை சொல்ற மாடல் வேணும். எஸ்ஆர்டிஎம் மாடல் 2000-ல எடுத்தது, 30 மீட்டர். கோபர்நிகஸ் 30 மீட்டர் மாடல் அதைவிட புதுசு, அதையே எடுங்க. ரெண்டுமே மர உச்சியையும் சேத்து அளக்கற மாடல், அதனால தைல மர தோப்பு ஓரத்துல பொய்யா ஒரு செங்குத்து காட்டும். டவுன்லோடு பண்ணினதும் அப்படியே ஸ்லோப் போட்டா மலை பூரா 90 டிகிரிக்கு பக்கத்துல வரும், பசங்க பயந்துடுவாங்க, காரணம் கிடைமட்டம் டிகிரியில இருக்கு, உயரம் மீட்டர்ல இருக்கு. முதல்ல கிடைமட்டத்தையும் மீட்டர்ல அளக்கற யூடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்கு (க்யூஜிஐஎஸ்ல இபிஎஸ்ஜி கோடு 32643) மாத்திட்டு அப்புறம் போடுங்க. நீலகிரி, கொடைக்கானல் ரெண்டும் 43-ல தான் வரும், மதுரை 78 டிகிரி தீர்க்கரேகையை தாண்டிடறதால 44, மதுரை காலேஜ் நோட்ஸை அப்படியே காப்பி பண்ணினா இங்க தான் மாட்டும். வந்த சரிவு மேல நீங்க எடுத்த பாதையையும் லைன் வீட்டையும் போட்டு பாருங்க, எந்த லைனுக்கு ஒரே ஒரு பாதை தான், அதுவும் செங்குத்து வழியா போகுதுன்னு தெரியும். இதை மண்சரிவு முன்னறிவிப்புன்னு பேர் வெச்சு பேப்பர்காரங்களுக்கு குடுத்துடாதீங்க, அதுக்கு மண், பாறை, மழை, நீர் வழி எல்லாம் வேணும், ஜியாலஜிக்கல் சர்வே வேலை அது.

மார்க்கை எத்தனை வீடு வரைஞ்சாங்கன்னு எண்ணி போடாதீங்க, ஒரே ராத்திரில ஆயிரம் டப்பா வரைஞ்சு வெச்சிடுவாங்க. வேலிடேட் பண்ணினது, திருத்தத்துக்கு பதில் எழுதினது, ஃபீல்டு நோட் இதுக்கு போடுங்க.

முடிஞ்சதும் ஓஎஸ்எம் டேட்டாவை இறக்கித் தர்ற ஓவர்பாஸ் டர்போ சைட்ல அந்த ஏரியா டேட்டாவை எடுத்து ஏ1 சைஸ்ல ஒரு பிரின்ட் பஞ்சாயத்து ஆபீஸ்க்கு, ஒண்ணு விஏஓ ஆபீஸ்க்கு, எஸ்டேட்னா மேனேஜருக்கும் ஒண்ணு, எல்லாம் தமிழ்ல, லெஜெண்டும் தமிழ்ல. பார்ட்னர் பேப்பர் எழுதினா ஃபீல்டு போன பசங்க பேர் ஆத்தர் லிஸ்ட்ல வரணும்னு ஆரம்பத்துலயே அந்த மெயில்ல எழுதி வாங்கிடுங்க. கிளப்போட மெயில் ஐடி, டாஸ்கிங் ப்ராஜெக்ட் அட்மின், கோபோ லாகின் மூணும் ஒரே ஒரு ஃபைனல் இயர் பையன் போன்ல மட்டும் இருக்கக்கூடாது, அவன் ஏப்ரல்ல திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்கு போயிடுவான், அதுக்கு முன்னாடி ரெண்டாம் வருஷத்துல ரெண்டு பேருக்கு மாத்தி குடுத்துட்டு பாஸ்வேர்டை டிபார்ட்மென்ட் ரிஜிஸ்டர்லயும் எழுதி வெச்சிடுங்க.